கூவலைத் தின்ற காது

உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காட்டில் காய் எடுக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஏலச்செடியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன், கண்ணுகளே. தட்டை, அதாவது அதன் தண்டு, ஆளை விட உயரம். காயோ அடியில், மண்ணைத் தொட்டுக் கிடக்கும் சரத்தில். எடுப்பவள் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டால் பக்கத்துத் தூரில் இருப்பவளுக்குக்கூட அவள் தெரிய மாட்டாள். சரிவுக்கு மேலே காடு. காட்டில் யானை.

அதனால்தான் கூவல். மேல்கோடியில் இருப்பவள் அவ்வப்போது ‘கூ’ என்று நீட்டிக் கூவுவாள். அடுத்தவள் வாங்கிக் கூவுவாள், அதற்கடுத்தவள், இப்படியே கீழ்க்கோடி வரைக்கும். ஒரு கூவல் குறைந்தால் எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டுத் தேடி ஓட வேண்டும். பேர் சொல்லி மட்டும் கூப்பிடக் கூடாது. காட்டுக்குள் பேரைச் சொன்னால், அதை வேறெதுவோ கேட்டுப் பழகிக்கொண்டு, ஒருநாள் நம்மையே பேர் சொல்லி உள்ளே அழைக்கும் என்று பயம். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவளும் மாரியம்மனுக்கு மாவிளக்குப் போடுகிறவளும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி.

கத்தரீனாள் அந்தச் சரிவில் வேலை பார்த்தவள்தான். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு காது போயிற்று. கூவலுக்குப் பதில் சொல்ல முடியாதவளைச் சரிவில் விடக் கூடாது என்று ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். உலர்ந்த காயில் காம்பு பொறுக்குகிற வேலை. மழை நனையாது, அட்டை கடிக்காது. ஆனால் பக்கத்தில் பேச ஆள் கிடையாது, இருந்தாலும் கேட்காது. சாயங்காலம் சிரித்துக்கொண்டே இறங்கி வருகிற பழைய கூட்டாளிகளை ஸ்டோர் ஜன்னலில் நின்று பார்ப்பாள். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

மகள் ஜோமோள் நர்சுக்குப் படித்து அயர்லாந்து போகும் முன்னால் அம்மாவுக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். புது மாதிரி. போனோடு பேசும், ஏஐ இருக்கிறது, எது பேச்சு எது இரைச்சல் என்று தானாகவே பிரிக்கும் என்று கட்டப்பனைக் கடையில் சொன்னார்கள். ஜோமோள் தன் நம்பரைக் கொடுத்துப் பதிந்து, அம்மாவின் போனிலும் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாள்.

முதல் வாரம் மிஷின் பழகிக்கொள்ளும் வாரமாம். புதுச் சத்தம் ஒன்று கேட்டால் போன் கேட்கும்: ‘இந்தச் சத்தம் வேண்டுமா?’ கத்தரீனாளுக்கு அது விளையாட்டாக இருந்தது. சேவல் வேண்டும். கோயில் மணி வேண்டும். பக்கத்து வீட்டு மிக்சி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடுகிறபோது மரத்திலிருந்து கருங்குரங்கு ஒன்று ‘ஹூ, ஹூ’ என்று முழங்கியது. இத்தனை காலம் அமைதியில் இருந்த காது அதிர்ந்துபோயிற்று. ‘வேண்டவே வேண்டாம்’ என்று அழுத்தினாள். வாரம் முடிந்தது. மிஷின் படித்ததை அப்படியே பூட்டிக்கொண்டது.

இனிக் கூவல் கேட்கும் என்று திங்கட்கிழமை சரிவுக்குத் திரும்பினாள். ராசம்மாள் மேல்கோடி, அடுத்து மாரித்தாய், பிறகு கத்தரீனாள், கீழே டின்சி. ராசம்மாள் கூவினாள். மாரித்தாய் கூவினாள். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

கூடைகள் உருண்டன. மாரித்தாய் வழுக்கி விழுந்து, எழுந்து, சேற்றோடு ஓடி வந்து பார்த்தால், கத்தரீனாள் வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுத்தபடி நிதானமாகக் காய் பறித்துக்கொண்டிருக்கிறாள்.

“என்ன மதினி, எல்லாரும் வந்துட்டிய? சோத்து நேரமாயிட்டா?”

அன்றைக்குச் சிரித்தார்கள். மறுநாளும் அதே கதை என்றபோது சிரிப்பு வரவில்லை. சூப்பர்வைசர் செபாஸ்டின் ஏறி வந்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. யானை மிதித்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அனுபவம் அவருக்கு உண்டு.

“கத்தரீனா, எனக்கு ஒம்மேல ஒரு விரோதமும் இல்ல. நாளைக்கும் பதில் வரலன்னா ஸ்டோருக்குப் போயிரு. அங்க சுகமான வேலைதானே?”

“சுகந்தாண்ணே. செத்தாலும் சுகந்தான்” என்றாள் கத்தரீனாள்.

சாயங்காலம் டின்சி போனை வாங்கிக் குடைந்தாள். வேண்டாத சத்தங்கள் என்ற இடத்தில் மிக்சிக்குக் கீழே ஒரு குரங்குப் படம். அதற்கும் கீழே, ‘இதைப் போன்ற சத்தங்களும் நீக்கப்பட்டன.’

டின்சி வாயைப் பொத்திக்கொண்டு ராசம்மாளைப் பார்த்தாள்.

“எதுக்குட்டி என்னையப் பாத்துச் சிரிக்க?”

“ஒண்ணுமில்லக்கா. நீங்க கூவுறதும் கொரங்கு கத்துறதும் மிஷினுக்கு ஒண்ணுபோல இருக்காம்.”

“வெளங்கும்! அவ மிஷினு என்னையக் கொரங்காக்கிட்டா?” என்றாள் ராசம்மாள். “அழிச்சுப் போடுட்டி அத.”

டின்சி அழிக்கப் பார்த்தாள். ‘உரிமையாளர் அனுமதி தேவை’ என்று வந்தது. உரிமையாளர் ஜோமோள். ஜோமோளுக்குப் போன் போட்டார்கள். அங்கே டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் தலையில் கை வைத்தாள். “பழைய சிம் கட்டாயிட்டும்மா. ஓடிபி அதுக்குத்தான் போகும். நான் கம்பெனிக்கு எழுதுதேன்.”

கம்பெனியின் உதவிப் பகுதியில் டின்சியும் எழுதினாள். மனிதர் யாரும் இல்லை, அங்கேயும் ஏஐதான். நல்ல தமிழில் உடனே பதில் வந்தது: ‘உங்கள் பாதுகாப்புக்காகவே இந்தப் பூட்டு. தேவையற்ற இரைச்சலிலிருந்து உங்களைக் காப்பதில் மகிழ்கிறோம்.’

“யானைட்டருந்து யாரு காப்பா, அதையும் கேளு” என்றாள் மாரித்தாய் டின்சியிடம். கேட்டாள். ‘யானைகள் பாதுகாக்கப்பட வேண்டிய விலங்குகள்’ என்று பதில் வந்தது.

கத்தரீனாள் மிஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பயறு மாதிரி இருந்தது. “காது என்னது. காதுக்குள்ள இருக்கது மட்டும் என்னதில்லையா?”

“பதிஞ்சது ஒன் மவ பேருல. பூட்டு கம்பெனிக்காரன் கையில” என்றாள் ராசம்மாள். “ராத்திரி சார்ஜ் போடுத வேலதான் ஒனக்கு.”

சிரிக்கத்தான் செய்தாள் கத்தரீனாள். ஆனால் மறுநாள் காலையில் அவள் ஸ்டோரில் போடும் பழைய செருப்பையும் பையில் எடுத்து வந்திருந்ததை மாரித்தாய் பார்த்துவிட்டாள். பார்த்ததிலிருந்து மாரித்தாய்க்கு மனசு சரியில்லை. மனசு சரியில்லாவிட்டால் அவளுக்குக் கோபமாகத்தான் வரும்.

சரிவில் செபாஸ்டின் வரப்பில் வந்து நின்றார். ராசம்மாள் கூவினாள். மாரித்தாய் கூவினாள். பதில் இல்லை. செபாஸ்டின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

மாரித்தாய்க்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினாள்: “ஏ கத்தரீனா! இருக்கியா தொலஞ்சியா?”

“இருக்கேன், இருக்கேன்! எதுக்கு இந்தக் கத்து கத்துத?” என்று தட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

ராசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். “பாவி மட்ட, பேரச் சொல்லிட்டாளே!”

டின்சிதான் கீழேயிருந்து கூச்சலிட்டாள். “பேர விடுங்கக்கா! அவ்வொளுக்குக் கேட்டிருக்கு! பேச்சுன்னா மிஷினு விட்டுருது. வார்த்தையாச் சொல்லுங்க, வார்த்தையா!”

வார்த்தை சொல்லலாம், பேர் சொல்லக் கூடாது. அப்படியென்றால் எதைச் சொல்வது? ராசம்மாள் யோசித்தாள். இருபது பெண்களை வழிநடத்துகிறவள், காட்டுக்குக் கொடுக்கக் கூடாததைக் கொடுக்க மாட்டாள். சூப்பர்வைசரோ தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு அவள் பக்கமே பார்க்கிறார். அவள் கை தன்னையறியாமல் இடுப்பில் கட்டியிருந்த சோற்றுப் பையைத் தொட்டது.

“என்ன கறி?” என்று கூவினாள், அதே நீட்டில்.

மாரித்தாய்க்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. “கத்திரிக்கா! என்ன கறி?”

எல்லோரும் கத்தரீனாள் இருந்த பக்கம் திரும்பினார்கள்.

“கருவாடு!” என்றாள் கத்தரீனாள், தட்டை நடுங்க. “கீழ, என்ன கறி?”

“முட்டை!” என்றாள் டின்சி. கேள்வி அவளைத் தாண்டி அடுத்த கூட்டத்துக்கும் போயிற்று. பயறு, மரச்சீனிக் கிழங்கு, நேத்து வச்ச மீன்குழம்பு என்று மலை முழுக்கச் சோற்று வாசம் சத்தமாக இறங்கியது. யாரோ ஒருத்தி வரப்பைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்: “சூப்பர்வைசரண்ணே, என்ன கறி?”

செபாஸ்டின் அங்குமிங்கும் பார்த்தார். “ஊறுகா” என்றார் மெதுவாக. அவர் வீட்டுக்காரி அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. மத்தியானம் அவர் இலையில் நாலு வீட்டுக் கறி இருந்தது. ஸ்டோர்ப் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை. கத்தரீனாளின் ஸ்டோர்ச் செருப்பு பையிலேயே திரும்பிப் போயிற்று.

காய் எடுப்பு முடியப்போகிற சமயத்தில் ஜோமோள் எப்படியோ கம்பெனியில் மனிதர் ஒருவரைப் பிடித்துப் பூட்டைத் திறந்துவிட்டாள். அதோடு உரிமையாளர் இடத்தில் அம்மா பேரையும் போட்டுவிட்டாள். போன் கேட்டது: ‘கத்தரீனாள், இந்தச் சத்தம் மீண்டும் வேண்டுமா?’ பக்கத்தில் குரங்குப் படம்.

“வரட்டும், அதுவும் இங்க உள்ளதுதானே” என்று அழுத்தினாள்.

ஆனாலும் யாரும் பழைய கூவலுக்குத் திரும்பவில்லை. ‘என்ன கறி’ ருசி பிடித்துப்போயிற்று.

அடுத்த நாள் சரிவில் இருக்கும்போது காட்டுக்குள்ளிருந்து ‘ஹூ’ என்று நீளமாக ஒரு சத்தம். கத்தரீனாளுக்குத் துல்லியமாகக் கேட்டது. தலையை நிமிர்த்தினாள்.

“என்ன கறி?” என்று காட்டைப் பார்த்துக் கேட்டாள்.

பதில் வரவில்லை.

“நம்ம ஆளில்ல மதினி” என்றாள் மேலேயிருந்து மாரித்தாய்.

“செரி” என்று கத்தரீனாள் மறுபடி சரத்துக்குக் குனிந்தாள்.