மூன்றாம் ஓலை

எக்ஸில்டா அத்தை, நான் கட்டிக்கொள்ளப்போகும் ஓடியாஸை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பட்டாணி சூப்பைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் விசாரணையை ஆரம்பித்தாள். எங்கள் ஆற்றங்கரையில் குடும்பப் பெயரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பாதி ஊருக்கு ஒரே பெயர். அப்பன், பாட்டன், பூட்டன் என்று வரிசையாகச் சொன்னால்தான் ஆள் பிடிபடும். அத்தைக்கு அதில் அப்படியொரு வெறி. பனியில் பாதை அடைபட்டு, கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் எனக்கு இரண்டு ஓலை வாசித்து முடித்த பிறகு, இந்தச் சனிக்கிழமை மத்தியானம்தான் வந்து இறங்கியிருந்தாள்.

"நீ யாரு வீட்டுப் பிள்ளப்பா?"

"மஜோரிக் மகன். சான்சூசி குடும்பம். ஏரிப் பக்கத்துலேர்ந்து மரம் வெட்ட வந்தேன்."

"சான்சூசி கெடக்கட்டும். மஜோரிக் யாரு மகன்?"

"சிரியாக் மகன்."

"சிரியாக்?"

"அபோந்தியுஸ் மகன். அவரு இந்தப் பக்கத்து ஆளுதானாம்."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வில்ப்ரோத், நம்ம தாத்தா பேரு என்ன?" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா புகைக்குழாயைச் சுரண்டினார்.

அதே அபோந்தியுஸ்தான். அவருக்கு இரண்டு பெயர். ரூத்தியே என்பது குடும்பப் பெயர். சான்சூசி, பட்டாளத்துக்குப் போன மூதாதைக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அவருடைய பிள்ளைகள் இருவரும் நிலத்துக்காக அடித்துக்கொண்டு, பிரியும்போது பெயரையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தாத்தா ரூத்தியே ஆனார். சிரியாக் சான்சூசியாகி ஏரிக்குப் போய்விட்டார்.

"ரெண்டும் ஒரே வீடு. பங்காளிங்க," என்றாள் அத்தை. "மூணாந்தலைமுறைதான். ஆயர்கிட்ட விலக்கு வாங்காம கட்டினா அது கல்யாணமே இல்ல."

"நாளைக்கு மூணாவது ஓலை. பன்னியக்கூட வெட்டியாச்சு. நீ வாய மூடிக்கிட்டு இரு," என்றார் அப்பா.

"மூடினா பாவம் யாருக்கு? ஈஸ்டர் கழிச்சு வைங்களேன். குடியா முழுகிடும்?"

முழுகிவிடும். புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. அதற்குள் என் கோட்டுப் பொத்தான் பூட்டாது. அது ஓடியாஸுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அவன் சூப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசமாட்டானா என்று ஆத்திரமாக வந்தது. நானும்தான் பேசவில்லை.

ஞாயிறு பூசையில் சாமியார் எங்கள் இருவர் பெயரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றார். பூசை முடிந்து சாமியாரின் உள்ளறைக்குப் போய்ச் சொல்வதுதான் வழக்கம். அத்தை அதற்குத்தான் காத்திருந்தாள். அதற்குள் அப்பா அவளை வண்டியில் ஏற்றிவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை கல்யாணம் நடந்துவிடும். பிறகு அத்தையைப் போல் இன்னொருத்தி பெயர்களை அடுக்கிப் பார்த்தால், அந்தக் கல்யாணம் செல்லாது, என் பிள்ளைக்கு அப்பன் இருக்கமாட்டான்.

நான் எழுந்தேன். அப்பா என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"சாமி, தடை இருக்கு. நாங்க பங்காளிங்க. விலக்கு வேணும்."

"ஆகட்டும் கிளெரினா, எழுதிக் கேப்போம். ஈஸ்டருக்கு அப்புறம்…"

"அதுவரைக்கும் தாங்காது, சாமி."

அப்பாவின் பிடி நழுவியது. பின்வரிசையில், வெளியூர்க்காரர்கள் நிற்கும் இடத்திலிருந்து, பூட்ஸ் சத்தம் கிளம்பி நடுவழியாக வந்தது. பெண்கள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டார்கள். ஓடியாஸ் எங்கள் குடும்பத்துக்கென்று பலகை அடைத்த இருக்கையின் சின்னக் கதவருகே வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் ஓடியது. கதவின் கொண்டி மேல் இருந்த அப்பாவின் கை இன்னும் அதைத் திறக்கவில்லை.