பேச்சு கேட்கிற இயர்போன்

அந்த ஒரு சொல்லை உதயா காலையிலிருந்து இருபது தடவையாவது கேட்டிருப்பாள். "கைய விட்ட" என்பது வரை சரியாக வந்தது. அதற்குப் பிறகு வருவது 'விட்டேன்' என்பதா 'விட்டான்' என்பதா என்று பிடிபடவில்லை. இயர்போனின் இடது பக்கம் எப்போதோ செத்துப்போயிருந்தது. வலது பக்கமும் பின்னைத் திருகி விரலால் அழுத்திப் பிடித்தால்தான் பேசும். விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தி வீட்டுக்கு மேலே விமானம் தாழ இறங்கும்போது அதுவும் கிடையாது.

பதிவில் பேசுவது அவளுடைய மாமியார் சொர்ணம்மா. சுனாமியில் கச்சால் தீவிலிருந்து தப்பி வந்தவர்களைத் தேடித் தேடிப் பேச வைத்துக்கொண்டிருந்தாள் அகிலா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண். கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்தவள். சொர்ணம்மா வீட்டு வேலை பார்க்கும் டெலானிபூர் குவார்ட்டர்ஸின் பின்படியில் உட்கார வைத்துத்தான் இதைப் பதிவு செய்திருந்தாள். மருமகளுக்குத் தமிழ் டைப்பிங் தெரியும் என்று சொர்ணம்மாவே பெருமையாகச் சொல்லப்போக, எல்லாப் பதிவுகளையும் எழுத்தாக்கும் வேலை உதயாவிடம் வந்து சேர்ந்தது. "அவங்க சொன்னது அப்படியே வேணும். ஒரு எழுத்துகூட நீங்களா மாத்தாதீங்க," என்று அகிலா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

பத்துப் பதிவுகள் முடிந்துவிட்டன. இது பதினொன்றாவது.

கச்சால் ரப்பர் தோட்டத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன நடந்தது என்பது இந்த வீட்டில் பேசப்படுவதில்லை. சொர்ணம்மாவும் மூத்த மகன் ரவிக்குமாரும் ஆளுக்கொரு கையாகச் சின்னவன் பொன்னுத்துரையைப் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினார்கள். ரவிக்குமாருக்கு அப்போது பதினைந்து வயது, பொன்னுத்துரைக்கு ஏழு. மேட்டுக்கு வந்து சேர்ந்தது இரண்டு பேர்தான். கல்யாணமான புதிதில் உதயா ஒருமுறை கேட்டபோது, "அம்மா கைய விட்டுட்டாங்க," என்றான் ரவிக்குமார். அம்மாவிடம் அவன் நேராகப் பேசி அவள் பார்த்ததில்லை. சோறு வேண்டுமென்றாலும் உதயாவிடம்தான் சொல்வான். மாதா மாதம் அம்மாவின் ரத்தக் கொதிப்பு மாத்திரையை மறக்காமல் வாங்கி வந்து, உதயாவின் கையில்தான் கொடுப்பான்.

பதிவில் 'நான்' என்றோ 'அவன்' என்றோ முன்னால் ஒரு சொல் இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. பேச்சில் அதையெல்லாம் யார் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் முக்கால் நிமிஷத்துக்கு ஒரு முணுமுணுப்பும் இருந்தது. அதில் ஒன்றுமே விளங்கவில்லை. உதயா ஃபோனை எடுத்துக்கொண்டு அபர்தீன் பஜாருக்குப் பஸ் ஏறினாள்.

ஹரிஹரனின் கடையில் இயர்போன்கள் கொத்துக் கொத்தாக ஆணியில் தொங்கின. "நேத்துதான் கப்பல்ல வந்த மால் மேடம். இதப் பாருங்க, பேஸ் தம்முனு இருக்கும்," என்று கறுப்பில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

"பாட்டுக்கு இல்லண்ணே. பேச்சு கேக்கணும்."

"பாட்டே நல்லா கேட்டா பேச்சு கேக்காதா?"

கேட்கவில்லை. அண்டாவுக்குள் உட்கார்ந்து பேசுகிறவள்போல இருந்தாள் சொர்ணம்மா. குரலின் அடிப்பகுதி மட்டும் வீங்கி வந்து, சொல்லின் ஓரங்கள் எல்லாம் மழுங்கிப்போயின. அடுத்ததில் ரப்பர் மூடி காதுக்குப் பெரிதாக இருந்தது. கடைத்தெருவின் ஆட்டோ சத்தம் முழுக்க உள்ளே வந்தது. சின்ன மூடி மாற்றிப் பார்த்தாள். இப்போது வெளிச்சத்தம் நின்று, உள்ளே உஸ்ஸென்று ஓர் இரைச்சல். மூன்றாவதில் வயரை லேசாக அசைத்தாலே கரகரவென்றது. ஒவ்வொன்றிலும் அந்தச் சொல் வேறு வேறாகக் கேட்டது. ஒன்றில் 'விட்டேன்'. ஒன்றில் 'விட்டான்'. இன்னொன்றில் இரண்டுமில்லை. தான் கேட்க நினைப்பதுதான் கேட்கிறதோ என்ற பயம் வந்தது அவளுக்கு. கேட்க நினைப்பது எதை என்பதும் தெரியவில்லை.

ஒரு மூலையில் பெயர்கூட இல்லாத வெள்ளை இயர்போன் ஒன்று கிடந்தது. அதைக் கேட்டாள்.

"அது பேக்கார் மேடம், ஒண்ணுத்துக்கும் ஆகாது. பேஸே இல்ல. தகரத்துல தட்டுற மாதிரி இருக்கும்."

"பரவால்ல, குடுங்க."

மூடி காதில் கச்சிதமாகப் பொருந்தியது. பஜார் சட்டென்று தூரமாகிப்போனது. முதலில் குக்கர் விசில் ஒன்று. அப்புறம் வளையல் சத்தம். அந்தப் பதிவில் வளையல் சத்தம் இருப்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. பிறகு சொர்ணம்மாவின் குரல், சதையெல்லாம் வழித்தெடுத்ததுபோல மெலிசாக, பக்கத்தில்.

"ரெண்டாவது அலை வந்திச்சிங்க. கைய விட்டான்."

உதயா மூடியை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டாள். முணுமுணுப்பும் இப்போது சொற்களாகப் பிரிந்து வந்தது.

"எனக்கு ஒத்தக் கையில நிக்கல. இழுத்துக்கிட்டுப் போயிருச்சி. பெரியவனுக்கு அது நெனப்பில்லீங்கம்மா. நாந்தான் விட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கான். அவனும் அப்பச் சின்னப் புள்ளதான், பயந்திருச்சி, என்ன பண்ணும். நான் விட்டேன்னே எழுதிக்கங்க. அவன் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"சரிம்மா," என்றது அகிலாவின் குரல்.

"என்ன மேடம், வேற காட்டவா?" என்றான் ஹரிஹரன். உதயா தலையை அசைத்து அதையே வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள். சரி என்று சொன்ன அகிலாதான் ஓர் எழுத்தும் மாறக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தும் விரல் ஓடவில்லை. நாலரை மணிக்குச் சொர்ணம்மா வேலை முடிந்து வந்தாள். கால் கழுவிவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி மேசைமேல் கிடந்த வெள்ளை வயரைப் பார்த்தாள்.

"புதுசா? ஏம் பேச்சும் அதுல வந்திருச்சா?"

"வந்திருச்சு அத்தை."

"தெளிவா கேக்குதா?"

"முன்னாடி கேக்கல. இப்பக் கேக்குது."

சொர்ணம்மா வயரைச் சுருட்டி மேசை ஓரமாக வைத்தாள். உதயாவின் முகத்தைப் பார்க்காமல், "நாஞ் சொன்னத எழுது புள்ள," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். விட்டான் என்று சொன்னதையா, விட்டேன் என்று எழுதச் சொன்னதையா என்று உதயா கேட்கவில்லை.

தீவில் பொழுது சீக்கிரம் சாயும், ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஹேடோ ஜெட்டியில் சரக்கு இறக்கும் வேலை முடிந்து ரவிக்குமார் வந்தான். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கட்டிலில் சரிந்தவன், கை நீட்டி இயர்போனை எடுத்து இரண்டு காதிலும் செருகிக்கொண்டான்.

"என்னமோ சீப்பா வாங்கிட்டு வந்திருக்க. எப்படி இருக்குன்னு பாக்கலாம், ஏதாவது போடு."

மறு நுனி உதயாவின் ஃபோனில் செருகியிருந்தது. அவள் வேகமாக ஒரு பாட்டைத் தேடிப் போட்டாள். அவன் முகம் சுளித்தான். "பேஸே இல்லயே," என்றான். கழற்றிவிடுவான் என்று நினைத்தாள். அவன் கழற்றவில்லை. "ஆனா பாடுறவ மூச்சு விடறதுகூடக் கேக்குது," என்று கண்ணை மூடிக்கொண்டான். நாள் முழுக்கச் சரக்குகளின் இடையில் கிடந்த முகம் மெல்லத் தளர்ந்தது. கண்ணை மூடியிருக்கும்போது அவனுக்குப் பதினைந்து வயதுதான் இருக்கும்போலத் தோன்றியது.

திரையில் பாட்டு ஓட ஓட மீதி நேரத்தைக் காட்டும் கோடு குறைந்துகொண்டே வந்தது. அதற்குக் கீழே அடுத்த வரியில் தேதி போட்ட சொர்ணம்மாவின் பதிவு. உதயாவின் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. அடுப்படியில் சொர்ணம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. ரவிக்குமார் கண்ணைத் திறக்காமலே, காதில் அடைத்திருந்ததால் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான்.

"நல்லாத்தான் இருக்கு. அடுத்து என்ன இருக்கு, போடு."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.