அமலம்மாள் மிதித்த இயந்திரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பல் மருத்துவரின் நாற்காலியில், நான் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது பிறந்தது. பினாங்கில்தான். மருத்துவர் என் கடைவாய்ப் பல்லைத் திரையில் பூசணிக்காய் அளவுக்குக் காட்டி, "எல்லாம் புது மெஷின், சார். அந்தக் காலத்துல என்னதான் செஞ்சிருப்பாங்களோ!" என்றார். மரத்துப்போன வாய் முழுக்கப் பஞ்சு. பதில் சொல்ல முடியவில்லை. பதில் இதுதான்.

2

1929இல் பினாங்கு ஜார்ஜ் டவுனின் பல் மருத்துவத்தில் மின்சாரம் ஏற்படுத்திய மாற்றங்களாவன

(சீ, எனக்கே கொட்டாவி வருகிறது. விடுங்கள்.)

சூலியா தெருவில் தையல் கடை வைத்திருந்த அமலம்மாளுக்கு முன்பல் ஒன்றில் ஓட்டை விழுந்தது. (இது தேவலை.) அன்று சனிக்கிழமை. மறுநாள் மாதா கோயில் திருவிழாப் பூசையில் முதல் பாட்டை அவள் தனியாகப் பாட வேண்டும். பத்து வருஷம் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடியவளுக்கு இப்போதுதான் அந்த இடம் கிடைத்திருந்தது. பல்லைப் பிடுங்கினால் பாட்டெல்லாம் காற்றாகப் போய்விடும்.

பல் டாக்டர் பால்ராஜ் புதிதாக மின்சாரத் துளைகருவி வாங்கியிருந்தார். அதுவரை தையல் மெஷின் போலக் காலால் மிதித்து ஓட்டும் கருவிதான். மிதித்து மிதித்தே அவர் முட்டி தேய்ந்துவிட்டது.*

* மின்சாரம் வந்த பிறகும், வேலை நடக்கும்போது அவர் வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டேயிருக்கும். இந்த மனிதரை முதலில் நான் நம்பவில்லை. அந்தக் காலைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

3

புதுக் கருவியால் அமலம்மாளின் பல்லைப் பாதிதான் குடைந்திருப்பார். விர்ரென்ற சத்தம் அடங்கியது. மேலே மின்விசிறி நின்றது. வெளியே டிராம் வண்டியும் நடுத்தெருவில் நின்றது.

"கரண்ட் போச்சு லா," என்றார் பால்ராஜ்.

"ஐயோ, எப்ப வரும் டாக்டர்?"

"யாருக்குத் தெரியும்? இப்படியே விட்டா வீங்கிடும்க்கா. நாளைக்கு வாயே திறக்க முடியாது. பழைய மெஷின் மூலையில கெடக்கு, ஆனா என் முட்டி கேக்காது. பேசாம புடுங்கிடவா?"

[இந்த இடத்தில் அவள் அழுவதாக எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க அழுதாள். அவளுக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது; நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.]

"புடுங்கறதா? நல்லா இருக்கே கதை! அந்த மெஷினை என் காலடியில தள்ளுங்க. நாளெல்லாம் மிதிக்கிறவ நான்."

"உங்க பல்லுக்கு நீங்களே மிதிக்கப் போறீங்களா? அம்மாடி!"

"நீங்க கை ஆடாம பிடிச்சாப் போதும்."

4

நாற்காலி தாழ்ந்தது. அமலம்மாள் மிதித்தாள். வலித்தால் மெதுவாக, தாங்கினால் வேகமாக, பயம் வந்தால் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும். எந்த நோயாளிக்கும் அதுவரை கிடைக்காத சலுகை! பால்ராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதட்ட அவளுக்கு வாய் ஒழியவில்லை. மிதிப்பதை நிறுத்திவிட்டு ஒரு முறை முறைத்தாள். அடங்கிவிட்டார்.

அப்போது பார்த்துக் கரண்ட் வந்தது. (என் திட்டப்படி புது இயந்திரம் இங்கே ஜெயிக்க வேண்டும். கதை எழுத உட்கார்ந்ததே அதற்குத்தானே!) பால்ராஜ் அதை எடுக்கக் கை நீட்டினார். அமலம்மாள் வேண்டாமென்று விரலை ஆட்டிவிட்டு இன்னும் வேகமாக மிதித்தாள். நான் எவ்வளவோ எழுதிப் பார்த்தேன், அந்தக் கால் நிற்கவில்லை. எனக்கும் உள்ளூர ஒரே சந்தோஷம்.

5

பல் பிழைத்தது. அடைத்தாயிற்று. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முடிவுக்கு மூன்று வரைவு வைத்திருந்தேன். ஒன்றில், பால்ராஜ் புது இயந்திரத்துக்கே நோயாளியின் காலடியில் ஒரு விசை பொருத்துகிறார். இன்னொன்றில், ஊரிலுள்ள தையல்காரர்களெல்லாம் அவரிடம்தான் வருகிறார்கள். மூன்றாவதில் அமலம்மாள்

ஞாயிறு காலை. கோயில் நிறைந்திருக்கிறது. கடைசி வரிசையில் பால்ராஜ். கால் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறது. அமலம்மாள் எழுந்து நிற்கிறாள். சேலைக்கடியில் அவள் காலும் மெல்ல மிதிக்கத் தொடங்குகிறது. வாயைத் திறக்கிறாள்.

எனக்கு உதடு இன்னும் மரத்துக் கிடக்கிறது. முதல் வரியை நீங்கள் பாடுங்கள்.