தட்டு முப்பத்தொன்று, பிள்ளை பதினொன்று

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். என்ன தட்டு, யார் கொடுத்தது என்பதெல்லாம் பின்னால் வரும். மதுரை சிம்மக்கல்லுக்குப் பின்புறம் ஒரு தெருவில் இருக்கும் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியின் கதை இது. பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன். உங்கள் தெருவிலும் அப்படி ஒன்று இருக்கும்.

இப்படித் தொடங்கியிருந்தேன்: 'அந்திச் சூரியன் வைகை நீரின்மேல் தன் செந்நிறக் கதிர்களை...'

வைகையில் தண்ணீரே இல்லை. அடித்துவிட்டேன்.

2

நாகஜோதி சீர்த்தட்டோடு மேளத்துக்குப் பின்னால் நடந்தாள். தட்டில் ஓர் உலக உருண்டையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன.*

முன்னால் அவள் கணவன் அழகுபாண்டி, பீரோ தூக்கி வந்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தான். "மாப்ள, சாய்க்காத! கதவு தொறந்துக்கிரும்!"

மொத்தம் முப்பத்தொரு தட்டு. பள்ளியில் இருப்பதோ பதினோரு பிள்ளைகள். தட்டுத் தூக்கியவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட அந்தப் பதினொன்றில் இல்லை. எல்லாம் தனியார் பள்ளிக்கு மஞ்சள் வேனில் போகிறவை. இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு ஆள் சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. மூடக் கூடாது என்றுதான் சீர்.

நாகஜோதியின் மகள் அஸ்வினிக்கும் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு. வேன் பள்ளியில் இடம் சொல்லியாகிவிட்டது. யூகேஜி முழுக்க அந்த வேனில் வாந்தி எடுத்த பிள்ளை அவள். அதை நினைத்துத்தான் நாகஜோதியின் நடை தளர்ந்தது.

[அவளும் இதே பள்ளியில் படித்தவள் என்று எழுதினால் உங்களுக்குக் கண் கலங்கும். அவள் படித்தது வாடிப்பட்டியில்.]

*(காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோவதுபோல, இப்போது பள்ளிக்கூடத்துக்கும் ஊர்கூடிக் கல்விச் சீர் கொண்டுபோகிறார்கள். தெரிந்தவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.)

3

அழகுபாண்டியை முதலில் வெறும் பவுசுக்காரனாக எழுதினேன். அது அநியாயம். பள்ளியின் பின்சுவர் இடிந்து இரண்டு வருடமாகிறது. இடிந்த வழியாக வந்து குடிப்பவர்கள் பாட்டிலை அங்கேயே உடைத்துவிட்டுப் போகிறார்கள். போன வருடம் அங்கே படித்த, அவனுடைய நண்பன் சுருளியின் மகள் காலில் சில்லு ஏறி நான்கு தையல். தூக்கிக்கொண்டு ஓடியவன் அழகுபாண்டிதான். அஸ்வினியை அங்கே அனுப்ப அவனுக்குள்ள பயத்தை என்னால் கேலி செய்ய முடியாது.

4

சீர் வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாது. வெற்றிலை பாக்காவது வைத்துத் தரவேண்டும். தலைமையாசிரியை சபிஹாவுக்கு இந்த முறையெல்லாம் தெரியாது, வெறுந்தட்டுத்தான் வரும் என்று பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். தெரு செய்த தவறு இதுதான். அவர் இருபது வருடமாக இந்தத் தெருவின் விசேஷ வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தவர்.

ஒவ்வொரு தட்டும் திரும்பி வந்தது. சோழவந்தான் வெற்றிலை, பாக்கு, அதன்மேல் மடித்து வைத்த சேர்க்கை விண்ணப்பம்.

"என்ன டீச்சர் இது?" என்றாள் நாகஜோதி.

"முறைதானே ஜோதி? இம்புட்டுச் சீர் கொண்டாந்திட்டீங்க. விசேஷம் யாருக்கு? பிள்ளையக் காணோமே!"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

5

வீட்டில்:

"ஏங்க, இத என்ன செய்ய?"

"சாமி படத்துக்குப் பின்னால வையி. கிழிச்சிராத, சீருல வந்தது."

"பீரோவுக்கு பத்துப் பேரு தோள் குடுத்தீக. அந்தச் சுவத்துக்குச் செங்கல் தூக்க ஆளில்லையா?"

அழகுபாண்டி செருப்பைக் கழற்றியபடியே நின்றான். "பிள்ளைக சேரட்டும். கட்டிருவோம்."

"கட்டுங்க. சேக்குறேன்."

"நீ மொதல்ல சேத்துவிடு."

"நீங்க மொதல்ல கட்டுங்க."

அந்த நேரம் பார்த்து அஸ்வினி உள்ளேயிருந்து வந்தாள். அவள் கேட்டது... [இல்லை. குழந்தை வாயில் நீதியை வைத்துக் கதையை முடிக்கும் சோம்பேறி நானில்லை. அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.]

6

முடிவு ஒன்று: நாகஜோதி விண்ணப்பத்தை நிரப்புகிறாள், முப்பது வீடும் பின்னாலேயே வருகின்றன, சுவர் எழும்புகிறது. படித்துப் பார்த்தேன். அரசு விளம்பரம்போல் இருந்தது. இன்னொன்றில் பள்ளி மூடப்படுகிறது, பூட்டிய அறைக்குள் புது பீரோ நிற்கிறது. எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது. அதனால்தான் அதையும் அடித்துவிட்டேன். பள்ளியை மூடி நல்ல பெயர் வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நாகஜோதி என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். அவள் இன்னும் எதுவும் செய்யவில்லை. காலையில் மாடியில் துணி காயப்போடும்போது எதிர்வீட்டைப் பார்க்கிறாள். முதல் ஆள் யாரென்று முப்பத்தொரு வீடும் இப்படித்தான் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

எதிர்வீடு என்னுடையது. முப்பத்தொன்றாவது தட்டும் என்னுடையதுதான். அதில் ஓர் அகராதி வைத்திருந்தேன். என் மகன் தமிழ்மாறனுக்கும் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அவனுக்கும் வேனில் இடம் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கதையை எழுதக் கைக்குக் கிடைத்த தாள், தட்டில் வந்த, இன்னும் நிரப்பாத அந்த விண்ணப்பம். பின்பக்கத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். பொடி எழுத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதியும் கடைசி வரிக்கு வந்துவிட்டேன். இதற்குமேல் எழுத வேண்டுமென்றால் தாளைத் திருப்பத்தான் வேண்டும்.