நூலுக்கு அடியில் எழுதியது

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் நூல்காரர் என்றுதான் சொல்வார்கள். தையல் சாமான் விற்கிறார் என்று நினைத்துக்கொண்டு பட்டனும் ஊசியும் கேட்டு வந்து நின்றவர்கள்கூட உண்டு. அவர் செய்வது தூண்டில் கம்பு. வெறும் கறுப்புக் கம்பாக வருவதை வாங்கி, கைப்பிடி பொருத்தி, தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களை ஒவ்வொன்றாக வைத்து, அவை அசையாமலிருக்க மெல்லிய நூலால் சுற்றிக் கட்டுவார். ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் நடுவில் நகம்கூட நுழையாது. கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு, நாலைந்து நிறத்தில், வைரம் வைரமாக அவர் போடுகிற அலங்காரச் சுற்றைப் பார்த்துவிட்டு, "இதைத் தண்ணியில நனைக்கவே மனசு வரலையே" என்று அலமாரியில் வைத்துப் பூட்டியவர்களும் இருக்கிறார்கள்.

கை இவ்வளவு செய்யும். வாய் ஒன்றும் செய்யாது. வருகிறவர் பத்து வாக்கியம் பேசினால் இவர் பதிலுக்கு "ம்" என்பார். ரொம்பச் சந்தோஷமாக இருந்தால் "ம், சரி" என்பார். கல்யாணமான புதிதில் மனைவி இதை அடக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டாள். அடக்கமெல்லாம் இல்லை, ஆளே அப்படித்தான் என்று புரிய ஆறு மாதம் ஆயிற்று.

பேசாதவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பதினாறு வருஷமாக அவர் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்துவந்தார். நூல் சுற்றுவதற்கு முன்னால், வெள்ளி மைப் பேனாவை எடுத்து, அந்தக் கம்பு யாருக்கோ அவரைப் பற்றிப் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதுவார். பிறகு அதன்மேல் நூலைச் சுற்றி மூடிவிடுவார். பேங்க் மேனேஜர் கம்பில், 'பிடிக்காத மீனுக்கும் நீளம் சொல்லுவார்.' பல் டாக்டர் கம்பில், 'நல்ல மனுஷன். ஆனா இவர்கிட்ட பல்லைக் காட்ட மாட்டேன்.' வாயால் சொன்னால் வம்பு. எழுதி மூடிவிட்டால் மனசு லேசாகிவிடும், ஆளும் சிரித்த முகத்தோடு கம்பை வாங்கிக்கொண்டு போவார்.

எழுதியது வெளியே தெரியாமல் இருப்பதற்கு ஒரு வழி இருந்தது. நூல் சுற்றி முடித்ததும் அதன்மேல் பால் நிறத்தில் ஒரு திரவம் தடவ வேண்டும். அவர் அதைப் பால் என்றே சொல்வார். காய்ந்தால் அது இருப்பதே தெரியாது. ஆனால் நூலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு, அடுத்தாற்போல் பூசுகிற பளபளப்புப் பிசினை உள்ளே விடாது. பாலை மறந்துவிட்டுப் பிசினைப் பூசினால் போச்சு. பிசின் நூலுக்குள் ஊறி, வெளிர் நிறமெல்லாம் கண்ணாடியாகிவிடும். வெள்ளை நூல் என்றால் சுற்றிய சுவடே இருக்காது, அடியில் இருப்பது பளிச்சென்று தெரியும். பதினாறு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடப் பாலை மறந்ததில்லை.

மாமனார் இவர்கள் வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மாமியார் தவறிய பிறகு, "ஒரு மாசம் எங்களோட இருந்துட்டுப் போங்கப்பா" என்று மகள் கூட்டிவந்தாள். முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டியவர். இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து காது மந்தம். அதனால் ரேடியோ போட்டால் தெருவுக்கே சேர்த்துத்தான் போடுவார். காலை ஆறு மணிக்கு, கடலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இடியாக முழங்கும். பட்டறையில் நூல்காரர் கையில் பிடித்திருக்கும் இழை அதிரும்.

அந்தத் திங்கட்கிழமை மாமனாருக்கு ஒரு கடிதம் வந்தது. ஓய்வுபெற்ற டிரைவர்கள் தங்கும் இல்லத்தில் ஓர் அறை காலியாகியிருக்கிறதாம், சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அவர் அதைப் படித்துவிட்டு ரேடியோவுக்கு அடியில் செருகிவைத்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தூசி தட்டும்போது மகள்தான் அதைப் பார்த்துவிட்டாள்.

"நான் இருங்கன்னு சொன்னா, மகதானே, சொல்லத்தான் செய்வான்னு நினைப்பார்" என்றாள் மனைவி. "மாப்பிள்ளை வாயிலேர்ந்து வரணும். இங்கயே இருங்க மாமா. மூணே வார்த்தை. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"ம்."

அவருக்கும் ஆசைதான். அதில் சந்தேகமே வேண்டாம். இந்த ஏழு மாதமாக மாமனார் தினமும் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். பூசிய பிசின் வழிந்துவிடாமல் இருக்கக் கம்பை ஒரு சின்ன மோட்டாரில் மாட்டி மெதுவாகச் சுழலவிடுவார்கள். ஆயுள் முழுக்கச் சக்கரத்தோடு பழகிய மனிதருக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஏன் பேசமாட்டேன்கிறாய் என்று கேட்காமல் பக்கத்தில் உட்காருகிற ஆள் நூல்காரருக்கு வாழ்க்கையில் அதுவரை கிடைத்ததில்லை.

அன்று சாப்பிடும்போது அவர் துணிந்துவிட்டார்.

"மாமா..."

"என்ன மாப்பிள்ளை?"

தொண்டைவரை வந்தது. மனைவி கரண்டியைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"உப்பு" என்றார் நூல்காரர்.

மாமனார் உப்பை நகர்த்தி வைத்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவர் ஒரு புதுக் கம்பை எடுத்தார். மாமனார் எப்போதோ சொன்னது நினைவில் இருந்தது. முப்பத்து நாலு வருஷமும் அவர் பஸ் ஒரு பாலத்தின்மேல் போகும். கீழே நாலு பேர் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். ஒரு நாள் நாமும் இறங்கி நிற்க வேண்டும் என்று தினமும் நினைப்பாராம். நடுப்பாலத்தில் பஸ்ஸை நிறுத்த முடியுமா?

"தூண்டில் கம்பா? அது உங்களுக்காக வாயைத் திறந்து பேசுமா?" என்றாள் மனைவி. அவர் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்தார்.

கைப்பிடியை ஒட்டி வெள்ளையில் ஒரு பட்டை, அதற்கு மேலே நீலத்தில் வைரச் சுற்று என்று முடிவு செய்தார். பேனாவை எடுத்தார். வழக்கமான ஒரு வரி போதவில்லை. வெள்ளை வரப்போகிற இடத்தில் இப்படி எழுதினார்: 'மாமா ரேடியோ போட்டா காது கிழியுது.' இடம் தீர்ந்துவிட்டது. மீதியை நீலம் வரப்போகிற இடத்தில் எழுதினார். எழுதி முடித்து அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு நூலைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஒரு வாரம் எடுக்கிற வேலையை மூன்றே நாளில் முடித்தார். வைரச் சுற்று அவர் கையில் இதற்கு முன் இவ்வளவு சுத்தமாக விழுந்ததில்லை. வியாழக்கிழமை மத்தியானம் பிசின் குழைத்து நுனியிலிருந்து பூசிக்கொண்டே வந்தவர், வெள்ளைப் பட்டைக்கு வந்ததும் ஒரு கணம் நின்றார். இதற்குப் பால் தடவினோமா? காய்ந்தபின் தடவியதும் தடவாததும் பார்வைக்கு ஒன்றுதான். தடவியாயிற்று என்றது மனசு. அவசரத்தில் இருக்கிறவன் மனசு அவனுக்கு வேண்டியதைத்தானே சொல்லும்? அதே நேரம் வாசலில் பல் டாக்டர் ஹாரன் அடித்தார், விடாமல் அடித்தார். நூல்காரர் பட்டையின்மேல் பிசினை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, கம்பைச் சுழலவிட்டு, வெளியே ஓடினார்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது மாமனார் ஸ்டூலில் இருந்தார். மூக்கில் கண்ணாடி. இவரைப் பார்த்ததும் எழுந்தார். "நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கம்பு சுழன்றுகொண்டிருந்தது. வெள்ளைப் பட்டையைக் காணவில்லை. கறுப்புக் கம்பின்மேல் வெள்ளி எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்து, தெளிவாகத் தெரிந்து, கீழே போயின. மாமா. ரேடியோ. காது. கிழியுது. மறுபடி, மாமா. மேலே நீலம் மட்டும் ஒரு சொல்லையும் வெளியே விடாமல் அழகாக மின்னியது.

அன்று சாயங்காலம் வீட்டில் ரேடியோ பாடவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பட்டறையில் இழை அதிராமல் நேராக நின்றது. இந்த ஏழு மாதத்தில் அப்படி ஓர் அமைதி கிடைத்ததில்லை, ஆனாலும் நூல்காரரால் ஒரு சுற்றுகூடச் சுற்ற முடியவில்லை. நாலு தடவை எழுந்துபோய் மாமனார் அறையை எட்டிப் பார்த்தார்.

"அப்பா ஏன் ரேடியோ போடலை? உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று மனைவி பட்டறைக்கு வந்தாள். அவர் கம்பைக் காட்டினார். அவள் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இதையா எழுதினீங்க?"

"பாதி."

"பாதியா?"

"மீதி நீலத்துக்கு அடியில."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

அவர் உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. கண் மட்டும் கலங்கியது. அவள் எழுந்தாள். அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். போகும்போது வாசற்படியில் திரும்பினாள்.

"கல்யாணத்துக்கு எனக்கும் ஒரு கம்பு செஞ்சு குடுத்தீங்க. அதுல என்ன இருக்குன்னு அப்புறம் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை காலை மாமனார் கட்டிலில் உட்கார்ந்து இல்லத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். பெட்டி மூடித் தயாராக இருந்தது. அதன்மேல் ரேடியோ, ஒயர் சுற்றிக் கட்டப்பட்டு.

நூல்காரர் கம்போடு வந்து நின்றார். மாமனார் பேனாவை வைத்தார்.

"நீங்க ஒண்ணும் தப்பா எழுதலை மாப்பிள்ளை" என்றார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை, அதுதான் கேட்கத் தாங்கவில்லை. "காது மந்தமானவனுக்கு எவ்வளவு சத்தம்னு எப்படித் தெரியும்? ஏழு மாசம் பொறுத்துக்கிட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், குறைச்சிருப்பேன்."

நூல்காரர் மாமனார் காலடியில் தரையில் உட்கார்ந்தார். மனைவியின் ஹேர் டிரையரைச் சுவரில் செருகி, நீலச் சுற்றின்மேல் சூடு காட்டினார். பிசின் இளகியது. சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்தார்.

"ஐயையோ, என்ன பண்றீங்க? எவ்வளவு அழகான வேலை!" மாமனார் கட்டிலைவிட்டு எழுந்துவிட்டார்.

பிளேடு வைரங்களின் நடுவே நேர்கோடாக இறங்கியது. மூன்று நாள் வேலை. அங்கே பால் தடவியிருந்ததால் பிசின் உள்ளே இறங்கவில்லை. சுற்று முழுசாகத் தோலுரிந்து மடியில் விழுந்தது. அடியில் எழுத்து அழியாமல் இருந்தது. அவர் கம்பை இரண்டு கையாலும் மாமனாரிடம் நீட்டினார்.

மாமனார் வாங்கிக்கொண்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுத்து ரொம்பப் பொடிசு. கண்ணாடி இல்லாம தெரியலை. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

நூல்காரர் கம்பைப் பார்த்தார். தன் கையெழுத்துதான்.

"போடலைன்னா" என்று ஆரம்பித்தார். கம்பை ஜன்னல் பக்கம் திருப்பினார். "போடலைன்னா வீடு வீடாவே இல்லை."

"காதுல விழலை மாப்பிள்ளை. கொஞ்சம் சத்தமா."

"போடலைன்னா வீடு வீடாவே இல்லை! மாமா எங்கயும் போகக் கூடாது!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பதினாறு வருஷத்தில் அந்தச் சுவர்கள் அவர் குரலை இவ்வளவு உரக்கக் கேட்டதில்லை. நூல்காரருக்கே அது யார் குரல் என்று ஒரு நொடி திகைப்பாக இருந்தது.

மாமனார் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். அதைத் துடைத்தார். பிறகு கண்ணையும் துடைத்தார்.

"கேட்டுச்சு" என்றார். "முதல் தடவையே கேட்டுச்சு. இன்னொரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு."

பாதி எழுதியிருந்த பதிலை மடித்துப் பெட்டிக்கு அடியில் தள்ளினார். அப்புறம் குனிந்து, தரையில் கிடந்த நீலச் சுற்றைப் பொறுக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதை மறுபடியும் சுத்தணுமா?"

"ம்."

"அப்ப வெள்ளையிலயே சுத்துங்க. அந்தப் பாலு வேண்டாம்."

மத்தியானம் நூல்காரர் வெள்ளை நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ரேடியோ எழுந்தது. காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது, கடல் அமைதியாக இருக்கும் என்று தெருவுக்கே அறிவித்தது. கையில் இழை அதிர்ந்தது.

"அப்பா, கொஞ்சம் குறைச்சு வைங்களேன்!" என்று அடுப்படியிலிருந்து மனைவி கத்தினாள்.

"இருக்கட்டும்!" என்று பட்டறையிலிருந்து பதில் வந்தது.