ஒன்பதாங்கட்டையில் எத்தனை பேர்

மலாயாவின் கிள்ளானிலிருந்து தெற்கே போகும் சாலையில் ஒன்பதாவது மைல்கல் நட்டிருந்த இடம். அதனால் ஊருக்கே ஒன்பதாங்கட்டை என்று பெயர். சீதாலெட்சுமி வாழவந்து ஆறு வருஷம் ஆகியும் அவளுக்குத் தெரிந்த ஊர் சின்னதுதான்: ரோட்டு வேலைக்காரர் வரிசையாய்க் குடியிருக்கும் லயம், குழாயடி, ஒரு சீனர் கடை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் குடிக்கணக்கு எடுக்க, எழுத்து வேலை பார்க்கும் இக்னேஷியஸ் கிராணி சைக்கிளில் வந்தார். பக்கத்து வீட்டு வீரம்மாவின் வாசலில் உட்கார்ந்து பெரிய தாளொன்றை விரித்தார். சீதாலெட்சுமி தன் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க இது, கோலமா?" என்றாள் வீரம்மா.

"ஒங்க ஊரும்மா. இந்தா ரோடு. இது ஆறு, கடல் வரைக்கும் போவுது. இங்க முழுக்க சேத்துக்காடு. இது கம்பம், மலாய்க்காரவுங்க ஊரு. அந்தப் பக்கம் ரப்பர் மரம் நிக்கிற கித்தாத் தோட்டம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வீடு."

புள்ளிகள் ஈசல் இறைந்த மாதிரி தாளெங்கும் கிடந்தன. தான் தண்ணீர் பிடித்த குழாய்க்குப் பின்னால் இத்தனை வீடுகளா! சீதாலெட்சுமி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"சரி, ஒங்க வீட்டுல எத்தனை பேரு?"

"நான், எங்க வீட்டுக்காரரு, இந்தத் தவிடு" என்று வீரம்மா மடியில் கிடந்த சிசுவைக் காட்டினாள்.

கிராணி அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தார். "ஒங்களுக்கு வயசு?"

"அம்பத்தஞ்சு இருக்கும். ஏன், பெத்தாத்தான் புள்ளையா? ஒரு உழக்குத் தவிடு குடுத்து வாங்கினேன்!"

"தொரைகிட்டப் போயி தவிடுன்னு சொன்னா என்னைப் பைத்தியம்னுவாரு. பெத்தவ யாரு?"

சீதாலெட்சுமி அந்தச் சிசுவையே பார்த்தாள். அவளுடைய முதல் இரண்டு பிள்ளைகளும் மாதம் தாண்டவில்லை. மூன்றாவது பிறந்த அன்றே, சாவை ஏமாற்ற, வீரம்மா தவிடு கொடுத்து அதை வாங்கிக்கொண்டாள். ஒரு வருஷம் முடியும்வரை அது வீரம்மாவின் பிள்ளை. போய்ப் பால் கொடுக்கலாம். என் பிள்ளை என்று வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் இதையும் சாவு வந்து கொண்டுபோகும்.

ஆனால் சொல்லாவிட்டால்?

"சொல்லலேன்னா… புள்ளைய எழுதாம விட்டுடுவீங்களா ஐயா?" அவள் அந்நிய ஆணிடம் பேசியது அதுவே முதல் தடவை.

கிராணி நிமிர்ந்தார். அவளுடைய ரவிக்கையில் பரவியிருந்த பால் ஈரம் அவர் கண்ணில் பட்டது. சட்டென்று தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"யாரு எந்தக் கூரைக்குக் கீழ தூங்குறாங்களோ, அங்கதான் எழுதணும். புள்ளை எங்க தூங்குது?"

"எங்கிட்டதான்!" என்றாள் வீரம்மா.

பேனா ஓடியது. பிறகு அவர் சீதாலெட்சுமியின் பக்கம் திரும்பினார். "ஒங்க வீட்டுல எத்தனை பேரும்மா?"

அவள் கதவு நிலையை இறுகப் பிடித்தாள். "நாங்க ரெண்டு பேருதாங்க."

கிராணி அப்படியே எழுதிக்கொண்டார். இந்த லயம்தான் கடைசியாம். விரல் மடக்கிக் கூட்டிப் பார்த்தார்.

"மொத்தம் எம்புட்டுங்க?" என்றாள் சீதாலெட்சுமி.

"மலாய்க்காரவுங்க, சீனவுங்க, நம்மாளுங்க எல்லாருமா, இந்தப் புள்ளையோட அறுநூத்திப் பதினேழு."

அறுநூற்றுப் பதினேழு. ஒவ்வொருவரையும் யாரோ ஒருத்தி வலி பொறுத்துப் பெற்றிருக்கிறாள். அவர்களில் எத்தனையோ பேர் மாதத்தைத் தாண்டி, வருஷத்தைத் தாண்டி, இந்த ஆற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஐயா, இன்னொருக்கா சொல்லுங்க."

"அறுநூத்திப் பதினேழும்மா" என்றார் கிராணி, நிதானமாக. "இந்தப் புள்ளையோட."