பறக்காத விமானத்தில் கடைசி வரிசை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம்மூர் டைல்ஸ் கடை முதலாளி, மனிதகுல வரலாற்றின் அடுத்த அத்தியாயமாக, ஓய்வு பெற்ற பயணிகள் விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட்டார். ஓய்வு என்றால் முழு ஓய்வு. எஞ்சினை முன்பே கழற்றி வேறு யாருக்கோ விற்றுவிட்டார்கள். இறக்கையைத் தனி லாரியில் கொண்டுவந்து, கிடங்குக்குப் பின்னால் வைத்து ஒருவழியாக மாட்டினார்கள்.

திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அச்சடித்த போர்டிங் பாஸ். முன்வரிசையில் நகராட்சித் தலைவரும் வங்கி மேலாளரும். நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் சொந்தபந்தம்.

அன்றைக்கு முதலாளிக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றுதான். புதுவீடு குடிபோனபோது அழைக்க விட்டுப்போனதிலிருந்து அவருடைய அண்ணன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், தம்பி வாசலை மிதித்ததில்லை. மகள் கல்யாணத்தில் பெரியப்பா முன்னால் நிற்க வேண்டும். விமானத்தைப் பார்க்கிற சாக்கில் வரவழைத்து, கையோடு சம்மதம் வாங்கிவிடுவதாக ஏற்பாடு.

தலைவர் வானத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். குளிர்பானம் முன்பாதியிலேயே தீர்ந்தது. அப்போதுதான் மனைவி முதலாளியின் காதருகே வந்தாள்.

“உங்க அண்ணன் எங்க?”

“வந்திருப்பாரு.”

“அவர் வந்து எவ்வளவோ நேரமாச்சு. ஊருக்கெல்லாம் உட்கார்ந்து சீட்டு பிரிச்சீங்களே, அவருக்கு எதைக் குடுத்தீங்க?”

பிரித்தது அவரேதான். வேன் ஓட்டுகிறவர்தானே என்று கை தானாகக் கடைசி வரிசைச் சீட்டை எடுத்திருந்தது.

திரையை விலக்கிக்கொண்டு போனார். உள்ளே காற்றில்லை, கூரை வெயிலில் கொதித்தது. மற்ற உறவுக்காரர்கள் எப்போதோ இறங்கி மரநிழலுக்குப் போய்விட்டார்கள். கடைசி வரிசையில் அண்ணன் மட்டும், சட்டை தொப்பலாக நனைந்து, இடுப்பில் பெல்ட்டை மாட்டியபடி நேராக உட்கார்ந்திருந்தார்.

“என்னண்ணே இங்க... முன்னாடி வாங்க.”

“இருக்கட்டும்டா. சீட்டுல இதானே போட்டிருந்துச்சு. பெல்ட்டைக் கழட்டலாமா?”

“இது பறக்காதுண்ணே.”

“அது தெரியும். யாரும் ஒண்ணும் சொல்லலியே, அதான்.”

தம்பி குனிந்து கொக்கியைப் பிடித்தார். அது விடவில்லை. அண்ணனே கழற்றிக்கொண்டார்.

“கல்யாணத்துல நீங்கதாண்ணே முன்னால நிக்கணும்” என்றார் தம்பி, தரைக்கம்பளத்தைப் பார்த்து.

“வராம இருப்பேனாடா. எந்த வரிசைன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடு. அங்கயே உட்காந்துக்கிறேன்.”

அண்ணன் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.